நிட்டிங் பூச்சி

புதன்கிழமை மரம் வெட்ட ஆள் வருகிறது என்று கிட்டுசாமி சொன்னபோது வேலாத்தாள் கையில் காபி டம்ளர் இருந்தது. கீழே போட்டுவிடவில்லை, கதைகளில்தான் அப்படியெல்லாம் போடுவார்கள். இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விரல் சுட்டது அப்புறம்தான் தெரிந்தது.

கிட்டுசாமி அவளுடைய அக்கா மயிலாளின் வீட்டுக்காரர். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். நிட்டிங் மெஷின்கள் ஓடும் கூடத்துக்குப் பின்னால், காம்பவுண்டு மூலையில், அந்த வேப்பமரம் நின்றது. வெளிநாட்டு ஆர்டர் பெருகிவிட்டது, தையல் மெஷின் போட இடமில்லை, மரம் போனால் ஒரு ஷெட் எழும்பும். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் வேலாத்தாளுக்கு ஆத்திரமாக இருந்தது. தப்பே இல்லாத ஆளிடம் எதை வைத்துச் சண்டை போடுவது?

"ஒரு மாசம் பொறுக்க முடியாதுங்களா மாமா?"

"ஒரு மாசத்துல என்ன அம்மிணி ஆகப் போகுது?"

"ஆம்பளப் பூச்சி வருமுங்க."

கிட்டுசாமி திரும்பி மனைவியைப் பார்த்தார். மயிலாள் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள்.

சிரிக்கட்டும். வேலாத்தாளுக்கு அது பழகிப்போன சிரிப்பு. கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்துகிறவள், மாலையானால் லென்ஸை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றால் கம்பெனி ஆட்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? 'பூச்சி டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். பூச்சிக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். நெல்மணி நீளமே இருக்கும் அந்தப் பழுப்புப் பூச்சிக்கு முன்னங்கால் பாதம் உருண்டு தடித்திருக்கும். அதற்குள்ளிருந்து பட்டு நூல் வரும். இரண்டு காலையும் மாற்றி மாற்றி வீசி, மரப்பட்டை மேல் வெள்ளைக் குழாயாக நெய்து, அந்தக் குழாய்க்குள்ளேயே குடும்பம் நடத்தும். குழாய்த் துணி பின்னுவதுதானே இவர்கள் தொழிலும்? 'நிட்டிங் பூச்சி' என்றார்கள். அறிவியல் தமிழில் அதற்கு ஒரு பெயர் தேடித் தேடி அலுத்திருந்த வேலாத்தாள், சத்தமில்லாமல் அதையே எடுத்துக்கொண்டாள்.

ஆனால் விஷயம் சிரிப்பில்லை. நான்கு வருடமாக அவளுடைய தூக்கம் அந்தக் குழாய்க்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

கல்கத்தாவில் ஒரு பழைய சேகரிப்பில் பர்மாவிலிருந்து வந்த அம்பர் கல் ஒன்றை அவள் பார்த்திருந்தாள். பல கோடி வருடத்துக்கு முந்தைய மரப்பிசின் இறுகிக் கல்லானது. அதற்குள் ஒரு நிட்டிங் பூச்சி, ஆண், இறக்கை விரித்தபடி அப்படியே இருந்தது. அந்த இறக்கையின் நடு நரம்பு கிளை பிரியாமல் நேராக ஓடியது. வால்முனையில் இடப்பக்க முள் இரண்டாகப் பிளந்திருந்தது. இன்று உயிரோடிருக்கும் எந்த இனத்துக்கும் அப்படி முள் பிளந்ததில்லை. அந்த வம்சமே அற்றுப்போனது என்றுதான் எல்லோரும் எழுதி வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவள் மாமா கம்பெனி ஆயுத பூஜைக்குப் போன இடத்தில், வேப்பமரத்துச் சிலந்தி வலையில், ஒடிந்த இறக்கை ஒன்றைக் கண்டாள். நடு நரம்பு கிளை பிரியாமல் நேராக ஓடியது.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அற்றுப்போன வம்சம் திருப்பூரில், ஒரு பனியன் கம்பெனிக் காம்பவுண்டில் பிழைத்துக் கிடக்கிறதா?

அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான ஆத்தப்பன் சார் ஒரே பேச்சில் அடக்கிவிட்டார். "கத்திரி புடிக்கிற கட்டிங் மாஸ்டருக்கெல்லாம் அதே வெரல்லதான் காய்ப்புக் காச்சிருக்குது. அதுக்காக அத்தன பேரும் பங்காளியாயிருவாங்களா? எறக்கை நரம்பு எந்த வம்சத்துலயும் எப்ப வேணும்னாலும் கொறையும். வால்முனைதாம்மா சாட்சி. ஆணப் புடிச்சுட்டு வா, அப்பறம் எழுதலாம்."

அங்கேதான் சிக்கல். மரத்தில் கண்ணில் படுவதெல்லாம் பெண். இறக்கை கிடையாது, வால்முனை எல்லா இனத்திலும் ஒரே மாதிரி, பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆண்கள் மழைக்காலத்தில் இறக்கை முளைத்து, சில நாள் இருந்து, செத்துப்போகும். பட்டையோடு பெயர்த்துக்கொண்டுபோய்க் கண்ணாடி ஜாடியில் வளர்த்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் பூஞ்சை பிடித்து எல்லாம் அழுகிற்று. இந்த ஐப்பசியில்தான், மார்பு உயரத்தில் ஒரு குழாய்க்குள், இறக்கை மொட்டு கறுத்த இளசுகள் சிலவற்றைப் பார்த்திருந்தாள். ஒரு மழை விழுந்தால் தோலுரித்துவிடும். அந்த நேரம் பார்த்து மாமா புதன்கிழமை என்கிறார்.

கிட்டுசாமி கம்பெனிக்குக் கிளம்பிப் போனதும் மயிலாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நேராக் கேட்டா அந்த மனுசன் எறங்க மாட்டாரு கண்ணு. ஷெட்டுக்குக் கோயில்ல பூக் கேட்டாரு, எனக்குத் தெரியும். மரத்துக்குக் கேட்டாரான்னு கேளு."

வேலாத்தாள் அக்காவையே பார்த்தாள். கிட்டுசாமி பூக் கேட்காமல் எதையும் தொடமாட்டார். கல்யாணம், கிணறு, புது மெஷின், எதுவானாலும் அம்மன் கோயிலில் போய் நிற்பார். சிலையின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டுவார்கள். வலது பூ விழுந்தால் உத்தரவு. இடது பூ விழுந்தால் வேண்டாம். 'ஈரம் காய்ந்தால் எந்தப் பூவும் விழும்' என்று அதைக் கேலி பேசியவள் இவள். இப்போது அந்தப் பூவையே பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தைப் பார்த்தால் மரம் போய்விடும்.

அன்று மாலையே கம்பெனிக்குப் போய்க் கேட்டாள். "மாமா, வேப்பமரமுங்க. ஆத்தாகிட்டக் கேட்டுட்டீங்களா?"

கிட்டுசாமியின் முகம் மாறிப்போயிற்று. "அட, ஷெட்டுக்குக் கேட்டனே. மரத்துக்குன்னு தனியாக் கேக்காமப் போயிட்டேன் பாரு" என்றவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நல்ல வேள, நீயாச்சும் சொன்னியே அம்மிணி."

அந்த நன்றி அவளுக்கு முள்ளாகக் குத்தியது.

செவ்வாய்க்கிழமை காலை மூவரும் கோயிலில் நின்றார்கள். பூசாரி அம்மன் தோள்களில் செவ்வரளியை ஒட்டிவிட்டு விலகினார். கிட்டுசாமி கைகூப்பிக் கண்ணை மூடி, "மரத்த எடுத்தறலாமா தாயே" என்று வாய்விட்டே கேட்டார். விளக்கில் எண்ணெய் பொரிந்தது. வேலாத்தாள் கண்ணை மூடவில்லை. கல் தோளில் இருந்த இரண்டு பூவையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். வலது பூ லேசாக நழுவிற்று. 'வேண்டாம், வேண்டாம்' என்று உள்ளுக்குள் யாரோ கத்தினார்கள். கத்தியது தான்தான் என்று தெரிந்தபோது, எதைப் பார்த்துக் கத்துகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. வலது பூ நழுவிய இடத்திலேயே ஒட்டி நின்றது. இடது பூ பொத்தென்று விழுந்தது.

"ஆத்தா வேண்டாங்கறா" என்றார் பூசாரி.

கிட்டுசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஷெட் போயிற்றே என்று ஒரு வார்த்தை இல்லை. வெளியே வந்ததும் வெட்டுக்காரனுக்கு ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். வேலாத்தாளுக்குக் குதிக்கலாம் போல இருந்தது.

அன்று பிற்பகலே அவள் உடுமலைப்பேட்டைக்குப் போக வேண்டியிருந்தது. செய்முறைத் தேர்வு நடத்தக் கல்லூரி போட்ட டூட்டி, மாட்டேன் என்று சொல்ல முடியாது. போகும்போது கிட்டுசாமியிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னாள்: "மரத்து மேல யாரும் கை வெக்க வேண்டாமுங்க மாமா."

"ஆத்தாளோட மரம் அம்மிணி. எவன் அருவா வெப்பான்?"

கை என்று கேட்டதற்கு அருவாள் என்று அவர் சொன்னதை அவள் காதில் சரியாக வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் திரும்பி வந்தாள். வானம் கறுத்துக் கிடந்தது. பஸ் நிலையத்திலிருந்து நேரே கம்பெனிக்குப் போய்ப் பின்கட்டுக்கு நடந்தவள், மரத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

அடியிலிருந்து ஆள் உயரத்துக்கு மரம் வெள்ளை வெளேர் என்றிருந்தது. சுண்ணாம்பு, அதன்மேல் காவிப் பட்டை, நடுவில் மஞ்சளும் குங்குமமும், சுற்றிக் கட்டிய மஞ்சள் சேலை. வேரடியில் புதிதாக நட்ட சூலம். பட்டையின் சொரசொரப்பு துளிகூட இல்லை. சுண்ணாம்பு பிடிக்க வேண்டும் என்று நன்றாகச் சுரண்டியிருந்தார்கள். மார்பு உயரத்தில் அவள் விரல் தேடியது. ஈரச் சுண்ணாம்புதான் ஒட்டிக்கொண்டு வந்தது.

மயிலாள் பூரிப்போடு வந்தாள். "எப்படி இருக்குது கண்ணு? உன்ற மரமாச்சேன்னு நானே கூட நின்னு தேச்சுக் கழுவ வெச்சேன். என்ன நூலாம்படை, என்ன நூலாம்படை! அத்தனையும் வழிச்செடுத்தாச்சு."

வேலாத்தாள் வாயைத் திறந்தாள். திட்டத்தான் திறந்தாள். அழுகைதான் வந்தது, நின்றபடியே ஓங்கி அழுதாள். "அதுதானக்கா பூச்சி! அந்த நூலாம்படைதானக்கா! நாலு வருசம்! கொன்னு போட்டியே!"

மயிலாளின் முகம் செத்துப்போயிற்று. சிரித்துச் சிரித்து வேடிக்கை பார்த்தவள்தான். ஒரு தடவைகூடக் கிட்டே வந்து பார்த்ததில்லை. தங்கை எதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"கொல்லலியே கண்ணு" என்றாள் மெதுவாக. "ஆத்தா மேல இருந்து எடுத்தத மிதிக்கிற எடத்துல கொட்டுவாங்களா? பட்டை, நூலு எல்லாத்தையும் முந்தாநேத்தே மஞ்சத் துணியில முடிஞ்சு வெச்சேன். ஆத்துல விடறதுக்கு."

"எங்க அந்த முடிச்சு?"

"நம்மூரு நொய்யல்ல சாயத் தண்ணிதான ஓடுது. அதுல எப்படி விடறது? நம்ம வேன் ஓட்டற ஆறுச்சாமி தாராபுரம் பக்கம் வேலைக்கு ஆள் கூட்டியாரப் போறான்னு, அமராவதியில விட்டுட்டு வரச் சொல்லிக் குடுத்தேன். இப்பத்தான்... நீ வாரதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் வேன் போச்சு."

வேலாத்தாள் ஓடினாள். ஆபீஸ் ரூமில் வெளிநாட்டு ஆர்டர்க்காரருடைய சாம்பிளைப் பார்த்துக்கொண்டிருந்த கிட்டுசாமி, மைத்துனி அழுத முகமாக உள்ளே நுழைந்ததும் கார்ச் சாவியை எடுத்தார். மயிலாள் பின்னாலேயே ஓடிவந்து ஏறிக்கொண்டாள்.

ஊரைத் தாண்டும்வரை லாரிகளும் சைக்கிள்களும் வழிவிடவில்லை. கிட்டுசாமி ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே, "இப்பச் சொல்லு" என்றார். வேலாத்தாள் எல்லாவற்றையும் சொன்னாள். பர்மாக் கல், இறக்கை, ஆண், வால்முனை. அவர் கேட்டுக்கொண்டே வந்தார். பாதி வழி வந்ததும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

"அப்ப, பூக் கேக்கச் சொன்னது பூச்சிக்கா?"

மயிலாள் வெளியே பார்த்தாள்.

"ஆமாங்க மாமா."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முன் கண்ணாடியில் படிந்த தூசியைத் துடைத்தார். பிறகு, "நீ எதுக்குக் கேக்க வெச்சியோ அது உன்ற கணக்கு. ஆத்தா சொன்னது சொன்னதுதான்" என்றார். மறுபடியும் ஆக்சிலேட்டரை மிதித்தார்.

வேலாத்தாள் கண்ணை ரோட்டை விட்டு எடுக்கவில்லை. தூரத்தில் வெள்ளையாக எது தெரிந்தாலும் கம்பெனி வேன் என்று தோன்றியது. ஒன்று பால் வண்டி, ஒன்று கல்யாண பஸ். சுரண்டும்போதே நசுங்கியிருக்கும், துணி முடிச்சில் மூச்சு முட்டியிருக்கும், எல்லாம் முடிந்துபோனதற்குத்தான் ஓடுகிறோம் என்று ஒரு மனம் சொல்லிக்கொண்டே வந்தது. இன்னொரு மனம் அதைக் கேட்பதாக இல்லை.

அமராவதிப் பாலத்துக்கு முன்னால் வேன் நின்றது. உள்ளே ஆள் இல்லை. மூவரும் கரையில் இறங்கினார்கள். அணையில் திறந்துவிட்டிருந்தார்கள் போலும், தண்ணீர் நிறைய ஓடிற்று. ஆறுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் தண்ணீரில் நின்றான். இடது கையில் மஞ்சள் முடிச்சு. வலது கையில் தீக்குச்சி. மழைக்கு முந்தின காற்று சுழன்றடித்தது. கரையோரப் பாறைமேல் வைத்த கற்பூரம் பற்றுவேனா என்றது. கற்பூரம் காட்டாமல் விடக்கூடாது என்று மயிலாள் சொல்லி அனுப்பியிருந்தாள், அவனும் விடாமல் குச்சிக்குமேல் குச்சியாக உரசிக்கொண்டிருந்தான்.

"ஆறுச்சாமி! விட்டறாத!" என்று கிட்டுசாமி கத்தினார்.

தண்ணீர் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. கற்பூரம் பற்றிக்கொண்டது. அவன் நிமிர்ந்து, முடிச்சை இரண்டு கையிலும் ஏந்தி, தண்ணீரை நோக்கிக் குனிந்தான். வேலாத்தாள் செருப்போடு ஆற்றுக்குள் பாய்ந்தாள். பாசிக்கல் வழுக்கி இடுப்புவரை நனைந்து, எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏனுங்க டீச்சர்!" என்று அவன் வெலவெலத்துப் போனான். "ஏதாச்சும் தப்புப் பண்ணிப் போட்டனுங்களா?"

"இல்லீங்க. குடுங்க, போதும்."

கரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். உள்ளே பட்டைத் துகளும் மஞ்சள் பொடியும். அவற்றுக்கு நடுவே, துகளுக்குத் துகள் பாலம் போட்டு, புத்தம் புதிய வெள்ளைக் குழாய்கள். பிய்த்தெறிந்ததை அவை உள்ளே உட்கார்ந்து மறுபடி பின்னியிருந்தன! கண்ணாடி ஜாடியில் அழுகிச் செத்தவை, பருத்தித் துணிக்குள் மூச்சுவிட்டுக்கொண்டு பிழைத்திருந்தன. இவ்வளவு காலம் பனியன் ஊரில் இருந்துகொண்டு ஒரு துணி முடிச்சு கட்டிப் பார்க்கத் தனக்குத் தோன்றவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

குழாயின் வாயிலிருந்து ஒன்று எட்டிப் பார்த்தது. சடக்கென்று பின்னோக்கி ஓடியது. புகைநிற இறக்கை மினுங்கிற்று. ஆண்.

அக்காவும் மாமாவும் குனிந்து பார்க்க, வேலாத்தாள் அதைச் சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் ஏற்றி, லென்ஸைக் கண்ணோடு வைத்தாள். முதலில் இறக்கை. நடு நரம்பு கிளை பிரியாமல் நேராக ஓடியது. குப்பியைத் திருப்பினாள். வால்முனை. இடப்பக்க முள்.

ஒற்றை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். பிளவு இல்லை. ஒற்றை முள், நுனி லேசாக வளைந்தது, எந்த ஊர் மரத்திலும் கிடைக்கிற சாதாரண இனத்தின் முள். இந்த மரத்து வம்சத்தில் நரம்பு மட்டும் எப்படியோ கிளை விடாமல் போயிருக்கிறது. கல்லுக்குள் இருந்ததற்கும் இதற்கும் இறக்கையில்தான் ஒற்றுமை, உறவு இல்லை. கட்டிங் மாஸ்டர்களின் காய்ப்புத்தான்.

"கெடச்சுதா கண்ணு?" என்றாள் மயிலாள்.

"கெடச்சுதுக்கா. நான் தேடுனது இது இல்ல."

மயிலாளுக்குத் தாங்கவில்லை. தங்கையின் ஈர முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "இல்லாட்டிப் போவுது. வேண்டாததுன்னா அதையும் இந்த ஆத்துலயே விட்டுரு. ஆரு கேக்கப் போறா?"

வேலாத்தாளின் கட்டைவிரல் குப்பியின் மூடிமேல் நின்றது. ஆமாம், யார் கேட்கப் போகிறார்கள்? இந்த ஆணும் முடிச்சும் ஆற்றோடு போனால் மரத்தில் வேறு இல்லை. எல்லாம் சுண்ணாம்புக்குப் போயிற்று. ஒடிந்த இறக்கை பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. 'ஆண் கிடைக்கவில்லை, இறக்கையை வைத்துப் பார்க்கையில்...' என்று எழுதலாம். எவனும் பொய் என்று நிரூபிக்க முடியாது. வெளிநாட்டில் விவாதிப்பார்கள், திருப்பூர் என்ற பெயர் புத்தகங்களில் ஏறும், அதன் பக்கத்தில் அவள் பெயரும். தண்ணீர் காலுக்கு எட்டும் தூரத்தில்தான் ஓடியது. அவளுக்கு ஆசையாக இருந்தது. வெறும் ஆசை இல்லை, பேராசை. மழைத்துளி ஒன்று குப்பிமேல் விழுந்து உருண்டது. உள்ளே அந்த ஆண், ஒன்றும் அறியாமல், கண்ணாடிச் சுவரில் முன்னங்காலை வீசி நூல் போடத் தொடங்கியிருந்தது.

பையிலிருந்து, செத்ததை அழுகாமல் காக்கும் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து, குப்பியைத் திறந்து, நிரம்ப ஊற்றி மூடினாள்.

அதற்கப்புறம்தான் அழுதாள். தன் வழக்கைத் தோற்கடிக்கும் சாட்சியைத் தன் கையாலேயே கூண்டில் ஏற்றியவள் வேறென்ன செய்வாள்? கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வெட்கம் பார்க்காமல் அழுதாள். ஆறுச்சாமி மிரண்டுபோய்த் தள்ளி நின்றான்.

கிட்டுசாமி பக்கத்தில் வந்து குந்தினார். அவருக்கு முள்ளும் தெரியாது, நரம்பும் தெரியாது. "எனக்கும் ஷெட் வேணும்னுதான் அம்மிணி இருந்துச்சு" என்றார். "கேட்டுப்போட்டு, வந்த பதிலு புடிக்கலீன்னா என்ன பண்றது?"

வேலாத்தாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கோயில் வாசலில் இந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசாமல் வெட்டுக்காரனுக்கு ஆள் அனுப்பியதைத் தானும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அப்போது அவளுக்குக் குதிக்கத்தான் தோன்றியது, அவருக்கு என்ன வலித்திருக்கும் என்று தோன்றவே இல்லை. இப்போது சுருக்கென்று தைத்தது.

"மன்னிச்சுருங்க மாமா" என்றாள்.

மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் காருக்கு ஓடினார்கள். பின்சீட்டில், சொட்டச் சொட்ட உட்கார்ந்து, வேலாத்தாள் குப்பிக்கான சின்னச் சீட்டொன்றில் பென்சிலால் எழுதத் தொடங்கினாள். திருப்பூர். வேப்பமரம். ஆண். அதற்குக் கீழே, நான்கு வருடமாக மனதில் எழுதி எழுதிப் பார்த்திருந்த புதுப் பெயரை விட்டுவிட்டு, எல்லா ஊர் மரத்திலும் கிடைக்கிற அந்தச் சாதாரணப் பூச்சியின் பெயரை எழுதினாள்.